நோயாளி விழாமல் காக்க செவிலியருக்கு எந்தப் பயிற்சி? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"வார்டில் நோயாளிகள் விழுவது குறையவில்லை. இந்த ஆண்டு பயிற்சிக்குக் கிடைப்பதோ சொற்ப நேரம். அதை வகுப்பில் செலவிடுவதா, இணையவழிப் பாடத்திலா, வார்டிலேயே செய்து பார்க்கும் ஒத்திகையிலா?" செவிலியர் கண்காணிப்பாளர்களும் வார்டுப் பொறுப்பாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. விடை சொல்லும் முன் இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும்: உங்கள் வார்டில் செவிலியருக்குத் தெரியாதது என்ன?

பெரும்பாலான வார்டுகளில் அப்படி எதுவும் இருக்காது. வழுக்கும் தரை ஆபத்து, கட்டில் தாழ்வாக இருக்க வேண்டும், அழைப்பு மணி கைக்கு எட்ட வேண்டும் என்பதெல்லாம் தேர்வு வைத்தால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு முதியவரைக் கழிப்பறையில் உட்கார வைத்திருக்கும்போது அடுத்த அறை மணி அடிக்கிறது. "ரெண்டு நிமிஷம், எழுந்திடாதீங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் செவிலியர் நகர்கிறார். முதியவர் காத்துப் பார்த்துவிட்டுத் தானே எழுகிறார், விழுகிறார். அந்தச் செவிலியருக்கு அறிவில் குறையில்லை. அந்த நொடியில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்ற பழக்கம்தான் இல்லை. எந்தப் பயிற்சியை எடுத்தாலும் அது இந்த நொடிவரை வந்து சேருமா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்தக் குறையை நிரப்புகிறது? தெரியாமை ஒரு குறை. தெரிந்தும் கை பழகாதது வேறு குறை. கை பழகியும் வார்டின் வழக்கம் இடம் கொடுக்காதது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

உண்மையில் எத்தனை மணி நேரம் பிடிக்கும்? பயிற்றுநரின் கட்டணத்தை மட்டும் கணக்கிடுவது தவறு. வகுப்பில் உட்காரும் செவிலியரின் இடத்தில் வேறொருவர் வேலை பார்க்க வேண்டும். அந்த மணி நேரம்தான் பெரும்பாலும் மிகப் பெரிய செலவு.

யாருக்கு எட்டாமல் போகும்? இரவு ஷிஃப்ட், புதிதாகச் சேர்ந்தவர், தற்காலிகமாக வந்தவர், உதவியாளர் ஆகியோர்தான் வழக்கமாக விடுபடுவார்கள். விழும் நேரத்தில் அருகே இருப்பவர்களும் பலமுறை இவர்களே.

எத்தனை நாள் நிற்கும்? மூன்று மாதம் கழித்து, யாரும் கவனிக்காத நாளிலும் அந்தச் செயல் நடக்கிறதா?

பக்கவிளைவு உண்டா? இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. "விழவே கூடாது" என்று மிரட்டும் பயிற்சி, செவிலியர் மனத்தில் பயத்தை விதைக்கும். பயந்த செவிலியர் நோயாளியைக் கட்டிலைவிட்டு இறங்கவே விடமாட்டார். படுத்தே கிடக்கும் முதியவருக்குச் சில நாட்களிலேயே கால் தசை வலுவிழக்கும். வார்டில் விழாதவர், வீட்டுக்குப் போய் விழுவார். பாதுகாப்பாக நடக்க வைப்பதே குறிக்கோள் என்பதைப் பயிற்சியின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

## வழியைவிடச் சரக்கு முக்கியம்

வழிகளை ஒப்பிடும் முன் பாடத்தின் உள்ளடக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. தவறான பாடத்தை எந்த வழியில் நடத்தினாலும் பலனில்லை.

பல மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சி என்றால் மதிப்பெண் படிவம் நிரப்பும் பயிற்சி என்றே ஆகிவிட்டது. நோயாளி விழும் ஆபத்தை மதிப்பெண்ணால் அளக்கும் மோர்ஸ் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15, டிரிப் ஊசி இருந்தால் 20, நடை தளர்ந்திருந்தால் 10. மூன்றும் சேர்ந்தால் 45. பல இடங்களில் உயர் ஆபத்துக்கான எல்லை அதுதான். ஒரு பொது மருத்துவ வார்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த எல்லையைத் தாண்டிவிடலாம். எல்லோர் கட்டிலிலும் உயர் ஆபத்தைக் குறிக்கும் மஞ்சள் அட்டை தொங்கும்போது அந்த அட்டை யாரையும் எச்சரிப்பதில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-லேயே இத்தகைய ஆபத்துக் கணிப்புக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன உள்நோயாளிகள் எல்லோரையும் ஆபத்து உள்ளவர்களாகவே கருதி, ஒவ்வொருவருக்கும் மாற்றக்கூடிய காரணம் எது என்று தேடச் சொன்னது.

ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் நடந்த 'சிக்ஸ் பேக்' ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. ஆபத்து மதிப்பீட்டுக் கருவி, எச்சரிக்கைப் பலகை, கழிப்பறையில் மேற்பார்வை, எட்டும் இடத்தில் ஊன்றுகோல், கழிப்பறை நேர அட்டவணை, தாழ்வான கட்டில், எழுந்தால் ஒலிக்கும் கருவி எல்லாம் அதில் இருந்தன. செவிலியரின் நடைமுறையும் மேம்பட்டது. ஆனால் விழுதலும் குறையவில்லை, காயங்களும் குறையவில்லை. கட்டில் ஒலிக்கருவிகளை மட்டும் சோதித்த 2012-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வும் இதே கதைதான்: கருவிப் பயன்பாடு பெருகியது, விழுதல் குறையவில்லை.

மறுபுறம், 2015-இல் வெளியான இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வு எட்டு மறுவாழ்வு வார்டுகளில் நடந்தது. அங்கே நோயாளியிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசினார்கள். அதற்குத் துணைநிற்கப் பணியாளருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1000 நோயாளி நாட்களுக்கு 13.78 ஆக இருந்த விழுதல் 7.80 ஆகக் குறைந்தது. நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு திட்டம் போடும் 'ஃபால் டிப்ஸ்' முறை, 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் விழுதலை 15%, காயத்துடன் விழுதலை 34% குறைத்தது.

இந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எங்களுக்குப் படுவது இது: எழுந்திருப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் நோயாளி. அந்த முடிவுக்கு முன்பே அவரோடு பேசியிருக்கும் செவிலியர்தான் விழுதலைத் தடுக்கிறார். எனவே பயிற்சியில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

- படுத்தும் நின்றும் பிபி எடுத்தல். 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை. நின்ற 1 நிமிடத்துக்குள் ஒருமுறை. 3 நிமிடம் நின்றபின் ஒருமுறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். உட்கார வைத்து எடுத்துவிட்டு நின்றதாக எழுதுவது பரவலாக நடக்கும் தவறு.
- கழிப்பறைத் துணை. கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பது. கதவுக்கு வெளியே நிற்பது துணையாகாது. தொடைமேல் ஒரு துண்டைப் போர்த்தி, முகத்தைத் திருப்பி நின்றால் நோயாளியின் கூச்சம் பெரும்பாலும் தீரும்.
- மருந்துகளின் நேரம். நீர் பிரிக்கும் மாத்திரை மாலையில் கொடுக்கப்பட்டால் அவர் எத்தனை மணிக்கு எழுவார், தூக்க மாத்திரை எப்போது உச்சத்தில் இருக்கும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது.
- திடீர்க் குழப்பநிலை. நேற்றுத் தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறினால் அதை "வயசாயிடுச்சு" என்று விடாமல் அன்றே தெரிவிப்பது. இப்படிக் குழம்பியவருக்குக் கட்டிலின் பக்கத் தடுப்பை உயர்த்தினால் அவர் அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார். அதிக உயரத்திலிருந்து விழுவார்.
- சொன்னதைத் திருப்பிக் கேட்டல். "மணி அடிங்க, சரியா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ஐயா, ராத்திரி பாத்ரூம் போகணும்னா என்ன செய்வீங்க, எனக்கு ஒருதடவை சொல்லுங்க" என்று கேட்டால்தான் புரிந்ததா என்று தெரியும்.
- விழுந்தபின் செய்வது. உடனே தூக்கி உட்கார வைக்காமல் மூச்சு, நினைவு, கழுத்து, இடுப்பு, கால் நீளம் என வரிசையாகப் பார்ப்பது. ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம், அசைக்கக் கூடாது. தலையில் அடிபட்டிருந்தால், அல்லது விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால், நினைவுநிலையை அரைமணிக்கு ஒருமுறை பார்க்கத் தொடங்க வேண்டும். ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவரானால் மருத்துவரிடம் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

இனி இவற்றை எந்த வழியில் கொண்டுசேர்ப்பது என்று பார்க்கலாம். கணக்குக்கு 30 படுக்கை, 40 செவிலியர் கொண்ட ஒரு வார்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

## 1. முழுநாள் வகுப்பு

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். ஏற்பாடு செய்வது எளிது, புகைப்படம் எடுக்கலாம், சான்றிதழ் கொடுக்கலாம். 40 பேருக்கு 8 மணி நேரம் என்றால் 320 மணி நேரம். அத்தனை நேரமும் வார்டில் அவர்களுக்குப் பதிலாள் வேண்டும். பதிலாள் இல்லாவிட்டால் விடுப்பு நாளில் வரச் சொல்வார்கள். அல்லது இரவு டூட்டி முடித்தவரை அப்படியே உட்கார வைப்பார்கள். இரவு முழுக்க விழித்தவர் காலை பத்து மணிக்குத் திரையில் ஓடும் படங்களிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

வகுப்பு அறிவுக் குறையை நிரப்பும். புதிய நடைமுறை அறிமுகமாகும்போது, புதியவர்கள் ஒரே சமயத்தில் பலர் சேரும்போது, மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், உதவியாளர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே சொற்களுக்குப் பழக்க வேண்டியிருக்கும்போது இதற்கு இணை வேறில்லை. "மேற்பார்வையில் நடக்கலாம்" என்றால் இயன்முறை மருத்துவர் ஒன்றை நினைப்பார், செவிலியர் வேறொன்றை நினைப்பார். நேருக்கு நேர் பேசினால்தான் அந்த வேறுபாடு வெளியே வரும்.

மறைந்திருக்கும் கேடு, பொய்யான நிம்மதி. வகுப்புக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு, மதிப்பெண் ஏறியிருக்கும், பயிற்சி வெற்றி என்று கோப்பை மூடிவிடுவார்கள். மதிப்பெண் ஏறியதால் கட்டிலருகே ஏதும் மாறியதாக ஆகிவிடாது.

வகுப்பு நடத்தியே ஆக வேண்டுமானால் 90 நிமிடம் போதும். ஒரு தொகுதிக்கு 15 பேருக்குமேல் வேண்டாம். அதில் பாதி நேரம் கையால் செய்யும் வேலைக்கு: ஒருவரையொருவர் படுக்க வைத்து, நிற்க வைத்து பிபி எடுப்பது, திருப்பிக் கேட்கும் உரையாடலைச் சொல்லிப் பார்ப்பது. இப்படிச் சுருக்கினால் 320 மணி நேரம் 60 ஆகிவிடும்.

## 2. இணையவழிப் பாடம்

45 நிமிடப் பாடம், 40 பேர், 30 மணி நேரம். யார் முடித்தார், எப்போது முடித்தார் என்ற பதிவு தானாகவே இருக்கும். தரச்சான்று ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்ட வசதி. பல இடங்களில் கிளைகள் கொண்ட மருத்துவமனைகளுக்கும், முதல் ஷிஃப்டுக்கு முன்பே அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டிய தற்காலிகப் பணியாளருக்கும் இதுவே பொருத்தம்.

ஆனால் அந்த 45 நிமிடம் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். தனி நேரம் ஒதுக்காவிட்டால் செவிலியர் மேசையிலேயே, மணிகள் அடித்துக்கொண்டிருக்க, "அடுத்து", "அடுத்து" என்று அழுத்திப் பாடம் முடிக்கப்படும். விடைகளை ஒருவர் சொல்ல மற்றவர் அழுத்துவதும் உண்டு. குற்றம் அவர்களுடையது அல்ல; நேரம் கொடுக்காமல் பாடம் கொடுத்தவர்களுடையது. அல்லது வீட்டில் போய்ச் செய்வார்கள். அது சம்பளமில்லாத வேலை, மனத்தாங்கலை வளர்க்கும்.

இன்னொரு சிக்கல், எங்கோ தயாரித்த பாடத்தில் காட்டப்படும் கட்டில், கழிப்பறை, கருவி எதுவும் உங்கள் வார்டில் இருக்காது. உங்கள் கழிப்பறையில் கைப்பிடி இடப்பக்கம் மட்டும் இருந்தால், வலப்பக்கம் செயலிழந்த பக்கவாத நோயாளிக்கு அது உதவும். இடப்பக்கம் செயலிழந்தவருக்கு உதவாது. இதை எந்தப் பொதுப் பாடமும் சொல்லித்தராது. உங்கள் வார்டின் படங்களைக் கொண்டே 15 நிமிடத் துண்டுகளாகத் தயாரித்தால் பாதிக் குறை தீரும். மீதிப் பாதி தீராது: ஆளைத் தாங்கி எழுப்புவதைத் திரையில் கற்க முடியாது.

## 3. வார்டிலேயே ஒத்திகை

காலியாக இருக்கும் ஒரு கட்டிலை எடுத்துக்கொண்டு, டூட்டியில் இருக்கும் நான்கு பேருடன் 20 நிமிடம் செய்வது. 2 நிமிடம் விளக்கம், 8 நிமிடம் செய்தல், 10 நிமிடம் பேசுதல். கடைசிப் பத்து நிமிடத்தைச் சுருக்கினால் மொத்தமும் வீண். கற்பது அந்தப் பேச்சில்தான் நடக்கிறது.

மூன்று காட்சிகள் போதும்.

முதலாவது, தவறுகள் நிறைந்த அறை. பத்து ஆபத்துகளை வேண்டுமென்றே வையுங்கள்: கட்டில் உயரமாக, சக்கரப் பூட்டு திறந்து, அழைப்பு மணி தரையில், மூக்குக் கண்ணாடி எட்டாத இழுப்பறையில், வாக்கர் கட்டிலின் தவறான பக்கத்தில், சிறுநீர்ப் பை கம்பியில் சிக்கி, டிரிப் குழாய் காலுக்குக் குறுக்கே, காலில் வழுக்கும் காலுறை, இரவு விளக்கு அணைந்து, மருந்துப் பட்டியலில் இரவு எட்டு மணிக்கு நீர் பிரிக்கும் மாத்திரை. இரண்டிரண்டு பேராக 5 நிமிடம். கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் சட்டென்று பிடித்துவிடுவார்கள். மருந்துப் பட்டியல்தான் தப்பிவிடக்கூடியது.

இரண்டாவது, தொடக்கத்தில் சொன்ன கழிப்பறைக் காட்சி. செவிலியர் ஒருவர் நோயாளியாக நடிக்க, இன்னொருவர் துணை நிற்க, நடுவே வெளியே மணி அடிக்கும். இங்கே கற்க வேண்டியது ஒரே வாக்கியம்: உள்ளே இருந்தபடியே உதவி கேட்பது. அதற்கு எந்தப் பொத்தான், எந்தக் குரல், யார் வருவார் என்பதை அந்த வார்டே அங்கேயே முடிவுசெய்யும். சில சமயம் கழிப்பறையில் அவசர மணியே வேலை செய்யவில்லை என்பது இந்த ஒத்திகையில்தான் தெரியவரும். வகுப்பறையில் ஒருநாளும் தெரியாது.

மூன்றாவது, தரையில் கிடக்கும் நோயாளி. தூக்கும் கருவி எங்கே இருக்கிறது, அதன் பட்டை எங்கே, சார்ஜ் இருக்கிறதா என்று ஓடித் தேடும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள்.

பொம்மையைவிட ஆள் நடிப்பதே மேல். பொம்மை சாயாது, பிடிவாதம் பிடிக்காது, "நானே போய்க்குவேன்" என்று சொல்லாது.

ஆண்டுக்கு நான்கு சுற்று, 40 பேருக்கு 20 நிமிடம் வீதம் 53 மணி நேரம்; பயிற்றுநருக்குத் தொகுதிக்கு அரைமணி வீதம் 20 மணி நேரம்; மொத்தம் 73. யாரும் வார்டைவிட்டு வெளியே போவதில்லை என்பதால் பதிலாள் செலவும் குறைவு. இரவிலும் நடத்தலாம்: நோயாளிகள் அடங்கிய பிறகு, பதினொரு மணியளவில்.

தவறிப்போகும் இடங்களும் உண்டு. வார்டு நிரம்பி வழியும் நாளில் ஒத்திகை ரத்தாகும். மூன்று முறை ரத்தானால் நின்றே போகும். அதனால் காலியாகும் கட்டிலுக்குக் காத்திராமல் ஒரு சாய்வு நாற்காலியும் கழிப்பறையும் போதும் என்ற அளவில் மாற்றுக் காட்சி ஒன்று தயாராக இருக்க வேண்டும். அடுத்தது, நடத்துபவரின் நாக்கு. "இதுகூடத் தெரியலையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் ஒத்திகை தேர்வாகிவிடும், அடுத்த சுற்றில் எல்லோருக்கும் திடீரென வேறு வேலை வந்துவிடும். பேச்சை நடத்தத் தெரிந்த ஒருவரைத் தயார்செய்யும் நேரமே இந்த வழியின் மறைமுகச் செலவு.

## 4. வார்டு வழிகாட்டிச் செவிலியர்

வார்டிலேயே இரண்டு பேரைத் தேர்ந்து, தலா 16 மணி நேரம் ஆழமான பயிற்சி கொடுத்து, வாரம் தலா 2 மணி நேரத்தை அவர்களுக்கென்று ஒதுக்குவது. ஆண்டுக்கு 240 மணி நேரம். அந்த நேரத்தில் அவர்கள் ஐந்து கட்டில்களுக்குப் போய் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: மணி எட்டுகிறதா, ஊன்றுகோல் எட்டுகிறதா, கட்டில் தாழ்ந்திருக்கிறதா, நிற்கும் பிபி எடுக்கப்பட்டதா, நோயாளி தன் திட்டத்தைத் தானே சொல்கிறாரா. குறை கண்ட இடத்தில் அந்தச் செவிலியரோடு அங்கேயே இரண்டு நிமிடம் பேசுவார்கள். பழக்கம் நிலைப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை நாங்கள் அறியவில்லை. ஒருமுறை கற்றதை மறக்காமலிருக்க, கூடவே நின்று நினைவூட்டும் ஆள் வேண்டும்.

தேர்வு எப்படி என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். பணிமூப்பைப் பார்த்துப் போடுவதைவிட, சந்தேகம் வந்தால் மற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்களோ அவரைப் போடுங்கள். ஒருவராவது இரவு ஷிஃப்டில் சுழல்பவராக இருக்க வேண்டும்.

ஒதுக்கிய 2 மணி நேரம், ஆள் குறைந்த முதல் வாரமே பறிபோகும் என்பது இதன் பெரிய பலவீனம். பிறகு அவர் பெயரளவில்தான் வழிகாட்டி. அடுத்து, எல்லாப் படிவங்களும் அவர் தலையில் விழும். மற்றவர்கள் "அது அவங்க வேலை" என்று ஒதுங்குவார்கள். அவர் மாற்றலாகிப் போனால் கட்டியதெல்லாம் அவரோடு போய்விடும். ஆள் அடிக்கடி மாறும் வார்டில் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

## 5. விழுந்தபின் 15 நிமிடக் கலந்தாய்வு

ஒருவர் விழுந்தால், அவருக்கு வேண்டிய சிகிச்சை முடிந்த கையோடு, அதே ஷிஃப்டில், இடத்திலேயே நான்கு பேர் நின்று பேசுவது. நோயாளியும் பேச வேண்டும். அவர் எதற்காக எழுந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கேள்விகள் நான்கு: அவர் என்ன செய்யப் போனார்? இன்று எது வேறாக இருந்தது? அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருக்காக எதை மாற்றுகிறோம்? இதே நிலையில் வேறு யார் இந்த வார்டில் இருக்கிறார்கள்?

மாதம் நான்கு பேர் விழும் வார்டில் ஆண்டுக்கு 48 மணி நேரம்தான். புதிதாக வந்தவருக்கும் இது பாடமாகும். ஆனால் "யார் டூட்டி?" என்ற கேள்வி முதலில் வந்தால் அன்றோடு முடிந்தது. பிறகு விழுதல்கள் ஏட்டில் ஏறாது; எண் குறையும்; எல்லோரும் மகிழ்வார்கள்; நோயாளிகள் மட்டும் விழுந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே வார்டுப் பொறுப்பாளர் பழி சொல்பவராக இருந்தால், முதல் பயிற்சி அவருக்குத்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆண்டு நேரம் | நிரப்பும் குறை | இரவு ஷிஃப்ட் | சறுக்கும் இடம் |
|---|---|---|---|---|
| முழுநாள் வகுப்பு | 320 மணி (90 நிமிடமானால் 60) | அறிவு, பொதுவான சொற்கள் | கடினம் | மதிப்பெண் தரும் பொய் நிம்மதி |
| இணையவழிப் பாடம் | 30 மணி | அடிப்படை அறிவு | எட்டும், நேரம் ஒதுக்கினால் | படிக்காமல் அழுத்தி முடிப்பது |
| வார்டு ஒத்திகை | 73 மணி | கைப்பழக்கம், வார்டின் ஓட்டைகள் | எட்டும் | ரத்தாவது, தேர்வாக மாறுவது |
| வழிகாட்டிச் செவிலியர் | 240 மணி | நிலைத்த பழக்கம் | சுழல்பவர் இருந்தால் எட்டும் | நேரம் பறிபோவது, ஆள் மாறுவது |
| விழுந்தபின் கலந்தாய்வு | 48 மணி | அந்த வார்டுக்கே உரிய காரணம் | எட்டும் | பழி, மறைப்பு |

## யாருக்கு எது

ஒன்றுதான் முடியும் என்றால் வார்டு ஒத்திகை. இரண்டு முடியும் என்றால் அதோடு விழுந்தபின் கலந்தாய்வு. இரண்டும் சேர்ந்தே 121 மணி நேரம்தான். முழுநாள் வகுப்பின் பாதியைவிடக் குறைவு. கலந்தாய்வில் வெளிப்படும் காரணத்தை அடுத்த ஒத்திகைக்குக் காட்சியாக்கலாம் என்பதால் ஒன்று மற்றதற்குத் தீனி போடும்.

பணியாளர் ஆண்டுதோறும் பெருமளவு மாறும் மருத்துவமனையானால் இணையவழிப் பாடத்தை நுழைவாயிலாக வையுங்கள். முதல் வாரத்திலேயே ஓர் ஒத்திகையும் சேர்த்து. ஆட்கள் நிலையாக இருந்து, பொறுப்பாளரும் துணைநிற்கும் வார்டில் வழிகாட்டிச் செவிலியருக்குச் செலவிடும் 240 மணி நேரமும் வீணாகாது. மருத்துவமனை முழுதும் ஒரு புதிய முறைக்கு மாறும் ஆண்டில் 90 நிமிட வகுப்பு தவிர்க்க முடியாதது.

குழப்பநிலையில் இருப்பவர்கள் மிகுந்த வார்டில் நோயாளியோடு பேசித் திட்டமிடுவது ஓரளவுக்குத்தான் பலிக்கும். அங்கே பயிற்சியின் எடையைக் குழப்பநிலையைக் கண்டறிவது, கழிப்பறைக்கு அவர் கேட்கும் முன்பே அழைத்துப்போவது, குடும்பத்தினரைப் பக்கத்தில் இருக்கச் செய்வது ஆகியவற்றுக்கு மாற்றுங்கள்.

இரவில் 30 நோயாளிக்கு ஒரே செவிலியர் என்ற நிலை இருந்தால், இந்த ஐந்தில் எதுவும் தீர்வாகாது. அவர் கழிப்பறையில் நிற்கும்போது வெளியே மணி அடித்தால் வருவதற்கு இன்னொருவர் இல்லை. அங்கே பயிற்சிக்குச் செலவிடும் பணத்தை இரவு உதவியாளர் ஒருவருக்குச் செலவிடுவதே நேர்மையான முடிவு.

## பலித்ததா என்று எப்படித் தெரியும்

விழுந்தவர் எண்ணிக்கையை 1000 படுக்கை நாட்களுக்கு என்று கணக்கிடுங்கள். 30 படுக்கையில் சராசரி 27 நிரம்பியிருந்தால் ஆண்டுக்கு 9,855 படுக்கை நாட்கள்; 48 பேர் விழுந்தால் 1000-க்கு 4.9. ஆனால் மாதக் கணக்கை வைத்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். சராசரி மாதம் நான்கு என்றால், எதுவுமே மாறாமலேயே ஒரு மாதம் ஒன்றும் இன்னொரு மாதம் எட்டும் வரலாம். பயிற்சி தொடங்கிய முதல் சில மாதங்களில் எண்ணிக்கை ஏறவும் கூடும். முன்பு ஏட்டில் ஏறாதவை இப்போது ஏறுவதால். எனவே காயத்துடன் விழுந்தவர்களைத் தனியாக எண்ணுங்கள். எலும்பு முறிவையும் தலைக்காயத்தையும் மறைப்பது கடினம்.

அதைவிட விரைவாகப் பதில் சொல்வது கட்டிலருகே பார்ப்பதுதான். வாரம் பத்து நோயாளிகளிடம் போய் "எழுந்திருக்கணும்னா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று குறித்துவைத்தால், எட்டு வாரத்தில் பயிற்சி கட்டில்வரை வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு வேலை. கடந்த 20 விழுதல் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், அவர் என்ன செய்யப் போனார் என்ற மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக்கு மேல் கழிப்பறையைச் சார்ந்திருந்தால் முதல் ஒத்திகை இரண்டாவது காட்சி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது என்றால், ஆளைத் தாங்கும் முறையையும் நிற்கும் பிபியையும் சேர்த்து ஒரு காட்சி எழுதுங்கள். என்ன செய்யப் போனார் என்ற மூன்றாவது விவரம் பல பதிவுகளில் காலியாக இருந்தால், முதலில் தொடங்க வேண்டியது விழுந்தபின் கலந்தாய்வு.